அவன் அடிபட்டுக் கிடந்த பத்து நாளும் வீட்டில் சண்டை இல்லை

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் இருக்கிறோம். கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். மகள் ஏழாம் வகுப்பு. எனக்கும் கணவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. இரண்டு வருடமாகக் கடன் தொல்லையால் தினமும் ராத்திரி சத்தம்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் என்னைக் கேட்காமல் மகனுக்கு பைக் வாங்கிக் கொடுத்தார். இப்போது அவன் விடிவதற்கு முன்பே கூட்டாளிகளோடு ஏற்காடு மலைக்குக் கிளம்பிவிடுகிறான். பள்ளிப் பையில் உதட்டில் அடக்குகிற புகையிலைப் பொட்டலம் இருந்தது. போன மாதம் கொண்டை ஊசி வளைவில் விழுந்து கையில் ஆறு தையல். தையல் பிரிக்கும் வரை பத்து நாள் நாங்கள் இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டோம். பிறகு பழையபடிதான். அவனும் மறுபடி போகிறான். கணவர் "நீ கொடுத்த செல்லம்" என்கிறார். நான் சேர்க்கை சரியில்லை என்கிறேன். எங்கள் சண்டைதான் காரணம் என்று என் அண்ணி சொல்கிறார். ஆனால் ஆடிப் பண்டிகைக்குப் பிறகு மூன்று வாரம் நாங்கள் சண்டையே போடவில்லை, பேசவே இல்லை. அப்போதும் அவன் திருந்தவில்லையே? ஒருமுறை கோபத்தில் அவர் என்மேல் கை நீட்டிவிட்டார். குழந்தைகளுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். மகள் தங்கம், அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. மகனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். மகன் தையல் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த பத்து நாளும் நீங்களும் அவரும் நன்றாகப் பேசிக்கொண்டீர்கள். காயத்துக்குக் கட்டு மாற்ற யார் கூட்டிப்போவது, பள்ளிக்கு யார் லீவ் சொல்வது என்று சேர்ந்து முடிவெடுத்திருப்பீர்கள். ராத்திரி சத்தம் இருந்திருக்காது. அந்தப் பத்து நாளை உங்கள் மகனும் பார்த்திருக்கிறான்.

பெற்றோரைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று திட்டம் போட்டு அவன் வளைவில் விழுந்தான் என்று நான் சொல்லவரவில்லை. எந்தப் பிள்ளையும் அப்படிக் கணக்குப் போட்டுச் செய்வதில்லை. ஆனால் தான் ஆபத்தில் இருந்தால் அப்பாவும் அம்மாவும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பதை ஒரு பிள்ளையின் மனசு கவனித்துவிட்டால், அது மறக்காது. சல்வதோர் மினுச்சின் என்ற குடும்ப சிகிச்சை மருத்துவர் 1970களிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். கணவன் மனைவிக்கு இடையே தீராத பிணக்கு பிள்ளையின் மேல் திரும்பிவிடுகிறது. இருவரும் சேர்ந்து அவனுக்காகக் கவலைப்படுகிறார்கள், அல்லது சேர்ந்து அவனைத் திட்டுகிறார்கள். எதுவானாலும் அந்த நேரத்துக்கு அவர்களுக்குள் சண்டை ஓய்கிறது. அவன் சரியாகிவிட்டால் சண்டை திரும்ப வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் தையல் பிரித்ததும் நடந்தது இதுதான்.

சேர்க்கை காரணமில்லையா என்று கேட்டீர்கள். அதிலும் உண்மை இருக்கிறது. 16 வயதில் மூளையில் கிளர்ச்சியையும் கைதட்டலையும் தேடுகிற பகுதி முழு வேகத்தில் இருக்கும். "இரு, யோசி" என்று நிறுத்துகிற முன்பகுதி முதிர்ச்சி அடைய இருபதுகளின் நடுவரை ஆகும். அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து ஒரு சோதனை செய்து 2005இல் வெளியிட்டார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது எடுத்த ஆபத்தைவிட, கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது மிக அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஏற்காடு மலைக்கு அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. முன்னால் இரண்டு வண்டி, பின்னால் இரண்டு வண்டி, ஒருவன் கையில் செல்போன் கேமரா. உங்கள் மகன் தனியாகப் போனால் எடுக்காத வேகத்தை அங்கே எடுப்பான்.

ஆனால் அந்தக் கூட்டத்தை அவன் ஏன் இவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டான் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தினமும் ராத்திரி உங்கள் சத்தம். லைன் வீடோ தனி வீடோ, செவ்வாய்பேட்டைச் சந்துகளில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். அவன் தூங்கியிருக்க மாட்டான். படுத்துக்கொண்டு, இன்று பாத்திரம் உடையுமா, அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாளா, நடுவில் போய் நிற்க வேண்டி வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பான். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு அடுத்த நாள் நிதானமும் கெடும். நாலரை மணிக்கு வீடு ஓய்ந்து கிடக்கும்போது, "வாடா" என்று ஒருவன் கூப்பிடுகிறான். வீட்டில் மூச்சு முட்டுகிறவனுக்கு அந்தக் குளிர்காற்று எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன்களை நீங்கள் வைது துரத்தினால், அவன் வேறு நான்கு பேரைத் தேடிக்கொள்வான்.

இப்போது அந்த மூன்று வாரம். சண்டையே போடவில்லை, ஆனாலும் அவன் மாறவில்லை, ஆகவே சண்டை காரணமில்லை என்கிறீர்கள். சகோதரி, அந்த மூன்று வாரமும் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும்தான் இல்லை. "உங்கப்பன்கிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துடுச்சுன்னு." "உங்கம்மாகிட்ட கேளு, சாப்பாடு உண்டா இல்லையான்னு." இப்படித் தூது போனது யார்? பத்து மணிக்கு அவர் உள்ளே நுழைந்ததும் நீங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போனதை யார் பார்த்துக்கொண்டிருந்தது? கத்துகிற சண்டைக்காவது ஒரு முடிவு தெரியும். பேசாமல் இருக்கும் வீட்டில், எப்போது என்ன வெடிக்கும் என்று பிள்ளைக்குத் தெரியாது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் கத்தலைவிட இந்த மௌனத்துக்குத்தான் அதிகம் பயந்ததாகச் சொல்கிறார்கள்.

பெற்றோர் சண்டையே போடக்கூடாது என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்து, வட்டி கட்ட முடியாமல் நிற்கிற வீட்டில் வாக்குவாதம் வரத்தான் செய்யும். மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் பல வருடங்களாக இதையே ஆராய்ந்தவர். பெரியவர்கள் சண்டை போட்டு, பிறகு சமாதானமாகி முடிப்பதைப் பார்த்த பிள்ளைகளின் பதற்றம் பெருமளவு தணிகிறது என்பது அவர் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். பிள்ளை கேட்கிற கேள்வி "இவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள்" என்பதைவிட, "இதோடு இந்தக் குடும்பம் உடைந்துவிடுமா" என்பதுதான். உங்கள் வீட்டில் சண்டையின் தொடக்கம் எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. முடிவு ஒன்றையும் அவன் பார்த்ததே இல்லை.

அவன் மனதில் இன்னொன்றும் ஓடியிருக்கும். சண்டை எதைப் பற்றி என்பது முக்கியம். கடனைப் பற்றி என்றால் அவனுக்குப் பயம் வரும். அவனைப் பற்றியே என்றால், "என்னால்தான் இதெல்லாம்" என்ற குற்ற உணர்ச்சி வரும். கிரிச், ஃபின்சம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். "நீ கொடுத்த செல்லம்", "நீங்க வாங்கிக் கொடுத்த வண்டி" என்று உங்கள் வீட்டில் இப்போது நடக்கிற சண்டை முழுவதும் அவன் பெயரில்தான் நடக்கிறது. தன்னால் வீடு கெடுகிறது என்று நம்புகிற பையன் தன் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள மாட்டான்.

அந்த பைக்கைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. உங்களைக் கேட்காமல் வாங்கிக் கொடுத்தார் என்கிறீர்கள். சண்டை போடுகிற பெற்றோர் பிள்ளையைத் தன் பக்கம் இழுப்பது நான் வாராவாரம் பார்க்கிற விஷயம். ஒருவர் வண்டி வாங்கித் தருகிறார், ஒருவர் பள்ளியில் நடந்ததை அப்பாவிடமிருந்து மறைத்துத் தருகிறார். (அந்தப் புகையிலைப் பொட்டலத்தைப் பற்றி நீங்கள் கணவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.) இரண்டும் அன்பில் செய்வதுதான். ஆனால் அப்பாவின் "சரி"க்கும் அம்மாவின் "வேண்டாம்"க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாக எந்தப் பிள்ளையும் வெளியே போய்விடும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 18 வயது ஆகாதவர்கள் கியர் வண்டி ஓட்டக்கூடாது. 16 வயதில் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடைக்காது. மலையில் இன்னொருவர் மேல் மோதிவிட்டால் உங்கள் பட்டறைக் கடன் ஒன்றுமில்லாததாகிவிடும். இதைக் கணவரைக் குற்றம் சொல்ல எடுக்காதீர்கள். "இந்தச் சட்டம் நம்ம ரெண்டு பேர் தலையிலயும் விழும்" என்று தொடங்குங்கள். அவர் கேட்பார்.

சாவியை யார் வாங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் மட்டும் பிடுங்கினால் அவன் அப்பாவிடம் போவான். அவர் மட்டும் பிடுங்கினால் உங்களிடம் வருவான். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். வண்டி பட்டறையில் பூட்டி நிற்கும், 18 வயதில் லைசென்ஸ் எடுத்ததும் உன்னுடையது. அவ்வளவுதான். பழைய கதை எதையும் அன்று எடுக்க வேண்டாம். அவன் கோபப்படுவான், ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் அடிபடாமலே அப்பாவும் அம்மாவும் ஒன்றாக நிற்பதை அவன் முதல் முறையாகப் பார்ப்பான். சாவியைவிட அது பெரியது. கோபத்தில் இரவல் வண்டியில் போகவும் கூடும். அதற்காகத்தான் அந்தக் கூட்டாளிகளை விரட்டாதீர்கள் என்கிறேன். வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சாயங்காலம் வந்து தட்டுவடை செட் தின்றுவிட்டுப் போகட்டும். அவர்கள் யார், யார் வீட்டுப் பிள்ளைகள், எந்த வண்டி யாருடையது என்று நீங்கள் விசாரிக்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

செல்போனைத் திறந்து பார்ப்பது, பள்ளி வாசலில் ஆள் வைப்பது போன்றவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதில் என் கண்ணைத் திறந்தது. பிள்ளைகள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரிவது பெரும்பாலும் பிள்ளைகள் தாமாக வந்து சொல்வதால்தான், வேவு பார்ப்பதால் அல்ல. சொல்வதற்கு அவனுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும். "அம்மாவிடம் சொன்னால் அது ராத்திரி அப்பாவோடு போடும் சண்டைக்கு ஆயுதமாகிவிடும்" என்று நினைக்கிற பையன் வாயைத் திறக்க மாட்டான்.

புகையிலை விஷயத்தில் கெஞ்சலும் அடியும் உதவாது. அது பழக்கமாகிவிட்டதா, எப்போதாவது போடுகிறானா என்று முதலில் அமைதியாகக் கேளுங்கள். சண்டை நடந்த மறுநாள் அதிகம் தேவைப்படுகிறதா என்றும் கேளுங்கள். நிறுத்த உதவி வேண்டும் என்றால் 1800112356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது, கட்டணமில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்பதும், பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் வருடச் சட்டப்படி குற்றம். எந்தக் கடை என்று அவனை மிரட்டிக் கேட்காதீர்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பொதுவாகச் சொன்னால் போதும்.

அடுத்தது, கணவர் கை நீட்டியது. "ஒருமுறை", "கோபத்தில்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு முறைதானா என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். திரும்ப நடந்திருந்தாலோ, நடக்கும் என்று பயமிருந்தாலோ, சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள் என்று நான் மேலே சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. முதலில் உங்கள் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண் எந்த நேரமும் எடுக்கும். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வீட்டை விட்டு வெளியேறாமலே பாதுகாப்பு ஆணை வாங்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். எண் 15100. அடிக்கு நடுவில் மகன் வந்து நிற்கிற நிலை ஒருபோதும் வரக்கூடாது. 16 வயதுப் பையன் அம்மாவைக் காப்பாற்ற அப்பாவைத் தள்ளிவிடுகிற அந்த ஒரு நொடி, அவர்கள் இருவர் வாழ்க்கையையும் மாற்றிவிடும்.

"குழந்தைகளுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்" என்ற உங்கள் வார்த்தையை மதிக்கிறேன். ஆனால் சேர்ந்திருப்பது மட்டுமே பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்ல என்னால் முடியாது. பால் அமாட்டோவும் கூட்டாளிகளும் அமெரிக்கக் குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1995இல் எழுதினார்கள். கடும் சண்டை இருந்த வீடுகளில், பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் பிற்காலத்தில் ஓரளவு நன்றாக இருந்தார்கள், சண்டையோடு சேர்ந்தே இருந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சண்டை குறைவாக இருந்த வீடுகளில் இது தலைகீழ். உங்கள் வீடு இதில் எந்தப் பக்கம் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பிரிவது இப்போது உங்கள் எண்ணத்தில் இல்லை என்று தெரிகிறது. அப்படியானால் சண்டையின் விதத்தையாவது மாற்ற வேண்டும். பொறுத்துக்கொண்டே அதே சண்டையைத் தொடர்வது பிள்ளைகளுக்காகச் செய்வதாகாது.

மாற்றுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடனைப் பற்றிய பேச்சை ராத்திரியிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம், பட்டறைக் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். மற்ற நாளில் அந்தப் பேச்சு வந்தால், "அதை அன்னைக்குப் பேசிக்கலாம்" என்று இருவரில் ஒருவர் சொல்லி நிறுத்த வேண்டும். மகனைத் தூது அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். அதையும் மீறிச் சத்தம் வந்துவிட்டால், மறுநாள் காலையில் அவனிடம் இருவரில் யாராவது ஒருவர், முடிந்தால் இருவரும், இப்படிச் சொல்லுங்கள்: "கண்ணு, நேத்து ராத்திரி நாங்க கத்திக்கிட்டது கடன் விஷயம். அது உன்னால வந்ததில்ல. நாங்க பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டோம்." முடிவுக்கு வரவில்லை என்றால் பொய் சொல்லாதீர்கள். "இன்னும் முடியல, ஆனா நாங்க பாத்துக்கறோம், நீ பாத்துக்க வேணாம்" என்று சொல்லுங்கள். அவன் "சரி சரி" என்று முகம் பார்க்காமல் போவான். காதில் விழுந்திருக்கும்.

இதற்காக எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சண்டை உள்ள வீட்டில் வளர்ந்து நிதானமாக இருக்கிற பிள்ளைகளும் உண்டு, அமைதியான வீட்டிலிருந்து மலைக்கு வண்டியை விரட்டுகிற பிள்ளைகளும் உண்டு. பிறவிக் குணம், வயது, கையில் கிடைத்த வண்டி எல்லாம் சேர்ந்துதான் இது. உங்கள் கைக்கு எட்டுகிற பகுதி உங்கள் சண்டை. அதனால்தான் அதைப் பற்றியே எழுதினேன்.

மகள் தங்கம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை அதிகம். பெற்றோர் சண்டையில் சில பிள்ளைகள் வெளியே ஓடுகின்றன, சில உள்ளே ஒடுங்குகின்றன. வெளியே ஓடுகிறவனை எல்லோரும் கவனிக்கிறோம். ஒடுங்குகிறவளைப் பாராட்டிவிடுகிறோம். அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி, தலைவலி வருகிறதா, உங்களை விட்டுத் தூங்க மறுக்கிறாளா, அப்பா வரும் வண்டிச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்துகிறாளா, உங்களைச் சமாதானப்படுத்துவதே அவள் வேலையாகிவிட்டதா என்று பாருங்கள். அண்ணனிடம் சொல்லும் அதே வார்த்தையை அவளிடமும் சொல்லுங்கள்.

மகன் "நான் செத்தாத்தான் உங்களுக்கு நிம்மதி" என்பது போல எப்போதாவது பேசினால், அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். வேண்டுமென்றே ஹெல்மெட் இல்லாமல், விளக்கு இல்லாமல் மலை இறங்குகிறான் என்று தெரியவந்தாலும் அப்படித்தான். அன்றே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு நேராகப் போகலாம்.

அப்படி அவசரம் இல்லை என்றால், ஆலோசனைக்கு முதலில் மகனைக் கூட்டிவர வேண்டாம். அவனை மட்டும் கொண்டுபோய் உட்காரவைத்தால், கோளாறு தன்னிடம்தான் என்று முடிவு செய்துகொள்வான். நீங்களும் கணவரும் முதலில் போங்கள். "பையனுக்காக" என்று கூப்பிட்டால் பட்டறையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு அவர் வருவார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பத்து நாளும் அவர் வந்தாரே. மறுத்துவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள்.